கண்ணாடியில் படிந்த எண்ணெய்

விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கியதும் விமானி முதலில் தன் முகத்தைத் துடைக்கவில்லை. முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒரு கறை.

"எண்ணெய் வே," என்றார். "பனி மாதிரி வந்து படியுது. எங்கேருந்துன்னு பாரும்."

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு புரட்டாசி மாதம். பயிர்களுக்கு ஆகாயத்திலிருந்து மருந்து தெளிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் எஞ்சின் மெக்கானிக். லைசென்ஸ் வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. எஞ்சின் சரியாக இருக்கிறது, பறக்கலாம் என்று புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் தரையைவிட்டு எழும்பலாம். அந்த வருடம் சோழபுரம் பக்கம் பருத்தியில் காய்ப்புழு கடுமையாக விழுந்திருந்தது. வேளாண்மைத் துறைக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் ரோடு ரோலர் ஓட்டி, மண்ணை இறுக்கி, ஓடுதளம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

எங்களுடையது மஞ்சள் நிற ஒற்றை இருக்கை விமானம். விமானிக்கு முன்னால் மருந்துத் தொட்டி, அதற்கு முன்னால் எஞ்சின், மூக்கில் இரண்டு இறக்கை கொண்ட ப்ரொப்பல்லர். விமானி தூத்துக்குடிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏறுவதற்கு முன் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிலுவையை எடுத்து சட்டைக்குள் போட்டுக்கொள்வார். அதிகம் பேசமாட்டார். பனைமர உயரத்தில், மின்கம்பிகளுக்குக் கீழேயும் மேலேயுமாகப் பறக்கிறவருக்கு எஞ்சின்மேல் எவ்வளவு நம்பிக்கை வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கை என் கையெழுத்தின் மேல்தான் நின்றது.

முதல் நாள் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. கண்ணாடியில் எண்ணெய் படிகிறதென்றால் எஞ்சினின் முன்பக்கத்தில் எங்கோ கசிகிறது. எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது முன் சிலிண்டர் ஒன்றின் மேல்மூடி ஈரமாக இருந்தது. இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் என் பெட்டியில் இருந்தது. மாற்றினேன், துடைத்தேன், கையெழுத்துப் போட்டேன். விமானி ஏறினார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கண்ணாடியில் மறுபடி எண்ணெய்.

இரண்டாம் நாள் அடியிலிருக்கும் சின்ன ரப்பர் குழாய்களில் ஒன்றின் கவ்வி தளர்ந்திருந்ததைக் கண்டேன். இதுதான் என்று தோன்றியது. இறுக்கினேன். அவர் மறுபடி போனார். மறுபடி கறையோடு வந்தார்.

எண்ணெய்க் கசிவில் உள்ள தொல்லையே, அது தெரிகிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு என்பதுதான். ப்ரொப்பல்லர் கிளப்பும் காற்று ஒரு சொட்டைப் பிடித்துக்கொண்டுபோய் எஞ்சின் முழுக்கப் பூசிவிடும். எல்லா இடமும் ஈரமாக இருக்கும். எதைத் தொட்டாலும் அதுதான் குற்றவாளி என்று தோன்றும்.

கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் பருத்தி வைத்திருந்த ஒரு அம்மாள் தினமும் காலையில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, மகளோடு சேர்ந்து வெள்ளாமை பார்த்துவந்தார்.

"ஏன் தம்பி, இன்னைக்காச்சும் பறக்குமா?"

"பறக்கும்க்கா. செத்த நேரம் பொறுங்க."

"நேத்தும் இதத்தான சொன்ன." மடியிலிருந்து ஒரு காயை எடுத்துப் பிளந்து காட்டினார். உள்ளே பச்சையும் பழுப்புமாக ஒரு புழு நெளிந்தது. "இது பொறுக்க மாட்டேங்குதே."

வேளாண்மை அதிகாரி அந்த அம்மாளைப்போல நேரடியாகக் கேட்கவில்லை. ஜீப்பில் வந்து இறங்கி, எஞ்சினைச் சுற்றி ஒரு நடை நடந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவார். மேற்கே மலையில் மேகம் கூட ஆரம்பித்திருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டால் கண்மாய் ஓடுதளம் கண்மாயாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஊர் ஊராக அலைந்த எனக்கு அந்த ஒரு வேலைக்குத்தான் வீட்டிலிருந்தே போய்வர வாய்த்தது. என் மனைவி இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் கம்பெனி பக்கம் இறங்கிக்கொள்வாள். எனக்கு ஜீப் காத்திருக்கும். சேர்ந்து போகக் கிடைத்த அந்த நாட்களில் நான் அவளிடம் ஒழுங்காகப் பேசவே இல்லை. பஸ் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் டேபிள் ஃபேனைக் கழற்றினேன். மிக்ஸியைக் கழற்றினேன்.

"அது நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு," என்றாள்.

"சத்தம் வந்துச்சு."

"அதுல வரல. ஒங்களுக்குள்ள வருது."

நான் ஸ்க்ரூக்களைப் பொறுக்கினேன்.

மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். எஞ்சினை முழுவதும் பெட்ரோலால் கழுவிக் காயவைத்து, மேலெல்லாம் முகப்பவுடர் தூவவேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டினால் எண்ணெய் வருகிற இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். பழைய முறை, ஏமாற்றாத முறை. துடைப்பதற்கு மனைவி தன் கம்பெனியில் கேட்டு, வெட்டில் கழித்துவிட்ட காஸ் என்னும் மெல்லிய கட்டுத்துணி ஒரு பை நிறைய வாங்கித் தந்தாள். நூல் பிரியாத, சுத்தமான துணி. பவுடருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் எனக்குத் தெரிந்த பாய் கடைக்குப் போனேன்.

"ஆறு டப்பாவா? வீட்ல விசேஷமா?" என்றார் பாய்.

"இல்ல பாய். ப்ளேனுக்கு."

அவர் டப்பாக்களை அடுக்கியபடியே கேட்டார்: "அதுக்கும் வேர்க்குரு வந்துருச்சாக்கும்?"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு டப்பாவையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

கழுவிக் காயவைத்துப் பவுடர் தூவி முடித்தபோது எஞ்சின் மாவில் புரட்டிய பண்டம்போல் இருந்தது. ஜீப் ஓட்டுநர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துப் பிடித்துக்கொள்ள, விமானி தரையிலேயே வைத்து எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டினார். நிறுத்தினார். நான் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். காற்றில் பறந்தது போக ஒட்டியிருந்த பவுடர் எல்லா இடத்திலும் உலர்ந்தே இருந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை.

"தரையில கசியல கேப்டன்," என்றேன். "மேல போனாத்தான் கசியுது போல."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப போய்த்தான் பாக்கணும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மருந்து ஏத்தாம, ஓடுதளத்துக்கு மேலேயே ஒரு சுத்து மட்டும் போயிட்டு வாங்க," என்றேன். அவர் சிலுவையை உள்ளே போட்டுக்கொண்டு ஏறினார்.

கரைமேல் நின்று அந்த விமானத்தைப் பார்த்த பத்து நிமிடங்கள்போல நான் எதையும் பார்த்ததில்லை. ஒற்றை இருக்கை. நான் கூடப் போக முடியாது. என் சந்தேகத்தைத் தீர்க்க இன்னொருவரை மேலே அனுப்பியிருக்கிறேன். திரும்பும்போது சத்தம் சற்றுத் தணிந்தபோதெல்லாம் கரையிலிருந்து ஓரடி இறங்கினேன். மறுபடி சத்தம் கூடியதும் நின்றேன். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

இறங்கினார். கண்ணாடியில் எண்ணெய். எஞ்சின் மூடியைக் கழற்றினேன். எஞ்சினில் ஒட்டியிருந்த கொஞ்சப் பவுடரும் உலர்ந்தே இருந்தது. எஞ்சின் கசியவில்லை, கண்ணாடி நனைகிறது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ப்ரொப்பல்லரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையில் ஏதோ பிசுக்கென்றது.

பவுடர் தூவியபோது ப்ரொப்பல்லரின் பின்பக்கத்திலும் விழுந்திருக்கிறது. சுழன்ற வேகத்தில் எல்லாம் பறந்துவிட்டிருந்தது, ஓரிடத்தில் தவிர. ஒரு இறக்கையில் மட்டும், நடுவில் ஆரம்பித்து நுனியை நோக்கி, விபூதிக் கீற்று மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அடியில் எண்ணெய் இருந்ததால் அது மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இறக்கை சுத்தமாக இருந்தது.

எண்ணெய் எஞ்சினிலிருந்து பின்னால் வரவில்லை. ப்ரொப்பல்லரின் நடுவிலிருந்து கிளம்பி, இறக்கை வழியாக வெளியே வீசப்பட்டு, அங்கிருந்து கண்ணாடிக்கு வந்துகொண்டிருந்தது. நடுவில் என்ன இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ப்ரொப்பல்லரைத் தாங்கிச் சுற்றும் தண்டு உள்ளே குழாய்போல வெறுமையாக இருக்கும், அதற்குள் எஞ்சினின் எண்ணெய் ஓடும். அதன் வாயை அடைக்கக் குவிந்த உலோக மூடி ஒன்று உண்டு, டப்பா மூடி அளவில். அதை உள்ளே வைத்து நடுவில் சரியாக ஓர் அடி அடித்தால் குவிவு தணிந்து விளிம்பு விரிந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். ப்ரொப்பல்லரைக் கழற்றினால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

நானும் ஜீப் ஓட்டுநரும் சேர்ந்து ப்ரொப்பல்லரை இறக்கினோம். மூடியின் ஒரு பக்கம் எண்ணெயில் மின்னியது. அந்தப் பக்கம் நகத்தின் கனத்துக்கு வெளியே தள்ளியிருந்தது. விரலால் தொட்டேன். லேசாக அசைந்தது.

விமானி குனிந்து பார்த்தார். "இது கழண்டு விழுந்தா?"

"மொத்த எண்ணெயும் ரெண்டு மூணு நிமிஷத்துல போயிரும் கேப்டன். எஞ்சின் இறுகி நின்னுரும்."

அவர் நிமிர்ந்து மேற்கே மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டினார். "கண்டுபிடிச்சிட்டீரே வே," என்றார்.

ஆவணி மாதத்தில் மெட்ராஸில் அந்த மூடியை அடித்தவன் நான். ப்ரொப்பல்லரைக் கழற்றிச் சோதித்துவிட்டு மாட்டும்போது புதிய மூடி போடவேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் எழும்பூரில் எனக்கு ரயில். மைத்துனியின் கல்யாணம். ஓர் அடி அடித்தேன். சற்றுக் கோணலாக உட்கார்ந்ததுபோல் தோன்றியது. ஓரத்தில் இன்னொரு தட்டுத் தட்டினேன். சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ப்ரொப்பல்லரை ஏற்றி, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். ரயில் கிடைத்தது.

மூன்று நாளும் கேஸ்கெட், குழாய், கவ்வி என்று தேடியவன் ப்ரொப்பல்லரைக் கழற்ற மட்டும் ஏன் யோசிக்கவில்லை? வயற்காட்டில் வைத்துச் செய்ய அது பெரிய வேலை என்று எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூடி விரலில் அசைந்தபோது அந்தக் காரணம் பொய் என்று தெரிந்துவிட்டது.

அன்று இராஜபாளையம் தபாலாபீசுக்குப் போய் மெட்ராஸ் ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டு, மூடி கசிகிறது, புதியது அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். யார் மாட்டியது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த அவசரம் என்று நான் சொல்லவில்லை. அவளே கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டாள்.

"நீங்க சொல்லலேன்னா என்ன ஆவும்?" என்றாள்.

"ஒண்ணும் ஆவாது. புது மூடி மாட்டுனா முடிஞ்சுது."

"சொன்னா?"

"லைசென்ஸ்ல கை வைப்பாங்க."

"பொறவு ஏன் எங்கிட்டச் சொல்லுதீங்க?"

சோறு போட்டாள். சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை வேளாண்மை அதிகாரி வந்ததும் விமானி என்னைக் காட்டி, அவர் இயல்புக்கு அதிகமாகவே பேசினார். "சாதாரண மெக்கானிக்னா இத விட்டுருப்பான் சார். இவரு மூணு நாளா விடாமத் தேடி எடுத்துட்டாரு. இல்லேன்னா நான் இந்நேரம் ஏதாவது பனைமரத்துல தொங்கிட்டிருப்பேன்." அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையில் கிரீஸ் இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கூச்சத்தில் பேசாமல் நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அதிகாரியின் ஜீப் போன பிறகு விமானி விமானத்தின் இறக்கை நிழலில் உட்கார்ந்து டிபன் பொட்டலத்தைப் பிரித்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"கேப்டன், அந்த மூடிய அடிச்சது நான்தான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "எந்த மூடி?"

"கசிஞ்ச மூடி. ஆவணி மாசம் மெட்ராஸ்ல நான்தான் மாட்டுனேன். ரயிலுக்கு நேரமாயிருச்சு. கோணலா உக்காந்துச்சோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. பாக்காமப் போயிட்டேன்."

இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. "சந்தேகம் வந்துச்சு," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு, "கசிவு தெரிஞ்ச பொறவு மூணு தடவ மேல போனேன் வே. மூணாவது தடவ நீரு சொல்லித்தான் போனேன்."

"ஆமா."

"அப்பத் தெரியுமா ஒமக்கு?"

"தெரியாது. ஆனா அந்த எடத்தப் பாக்காமலே இருந்தேன்."

அவர் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தால்கூட நின்றிருப்பேன். கரைமேல் ஏறி நெடுந்தூரம் நடந்து போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து ஜீப்பை வரவழைத்து இராஜபாளையத்துக்குப் போய்விட்டார். நான் கழற்றி வைத்த ப்ரொப்பல்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன். நடக்க முடியாமல் வந்து உட்கார்ந்தேன். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

நாலு மணிக்குத் திரும்பி வந்தார். முகம் கொடுக்காமலேயே பேசினார்.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன். நீரே ஒம்ம கையால எழுதிக் குடுக்கணும்னாவ. இந்த வேல முடிஞ்சதும் மெட்ராஸ் போவணும்."

"சரி கேப்டன்."

"மூடி நாளைக்குக் காலைல ரயில்ல வருது. மாட்டதுக்கு வேற ஆள அனுப்புறோம்னாவ. வேண்டாம்னுட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வாறவனும் சாயங்காலம் ரயிலப் பிடிக்கணும்பான். நீரே அடியும். நான் பக்கத்துல நிப்பேன்."

மறுநாள் காலை ஸ்டேஷனில் பார்சலை வாங்கிக்கொண்டு நேரே கண்மாய்க்குப் போனேன். தண்டின் வாயை காஸ் துணியால் மூன்று முறை துடைத்தேன். மூடியை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். விமானி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விளிம்பு எல்லாப் பக்கமும் சமமாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு அடித்தேன். ஒரே அடி. கண்ணாடி வைத்து விளிம்பைச் சுற்றிலும் பார்த்தேன். அவரையும் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகே ப்ரொப்பல்லரை ஏற்றினோம். அவர் அரை மணி நேரம் பறந்து இறங்கினார். காஸ் துணியால் முன்கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைத்து என்னிடம் காட்டினார். துணி வெள்ளையாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "மருந்த ஏத்தும்," என்றார்.

அன்று மதியத்துக்குமேல் ஆரம்பித்து மறுநாள் மத்தியானம்வரை பறந்தார். அந்த அம்மாளின் பருத்திமேல் இரண்டாம் நாள் காலையில் மருந்து விழுந்தது. மகளோடு வரப்பில் தள்ளி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். சாயங்காலம் மழை இறங்கியது. இரண்டு நாள் விடவில்லை. மருந்தை மழை கழுவிக்கொண்டு போயிற்று. கண்மாய்க்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மழை விட்ட ஒரு காலையில், இறுகிக் கிடந்த ஒரு மேட்டுத் துண்டிலிருந்து எப்படியோ விமானத்தைக் கிளப்பிக்கொண்டு விமானி மதுரைக்குப் போனார். போகும்முன் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

மறுபடி மழை தூற ஆரம்பித்தது. சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வந்தார்.

"பாதி தேறுனா உண்டு," என்றார். "நாலு நாள் முன்னால அடிச்சிருந்தா நின்னிருக்கும். சரி, மழ வந்ததுக்கு நீ என்ன செய்வ தம்பி?"

விமானியிடம் சொன்னவன், ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கப்போகிறவன், அவரிடம் மட்டும் சொல்லவில்லை. மழையைப் பார்த்தபடி நின்றேன். அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து போனார். எனக்கு இன்றும் உறுத்துவது அது.

மெட்ராஸுக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் கையெழுத்துப் போடும் உரிமையை நிறுத்திவைத்தார்கள். அந்த ஒரு வருடம் வேறொரு மெக்கானிக்கின் கீழ் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். உரிமை திரும்பி வந்தபோது எனக்கு வேறு பிரச்சினை வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தால் மூடிவிட்டு, மாட்டியதையெல்லாம் மறுபடி கழற்றிப் பார்ப்பேன். ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆயிற்று. விமானிகள் காத்திருந்து சலித்தார்கள். மேலாளர் கத்தினார். எனக்கும் தூக்கம் கெட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

இராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பராமரிப்புக்கு ஆள் எடுத்தார்கள். மேலாளர் என் சான்றிதழ்களை இரண்டு முறை புரட்டினார்.

"ப்ளேன்ல வேல பாத்துட்டு ஏன் இங்க வாறீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். ரயில், மூடி, மூன்று தடவை மேலே போனவர், எழுதிக் கொடுத்தது எல்லாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் பேரிங் சத்தம் மட்டும் தனியாக எனக்குக் கேட்டது. அதைச் சொல்லலாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்குக் காலைல ஷிஃப்டுக்கு வந்துருங்க," என்றார் அவர்.

"சரிங்க சார்," என்றேன். "மூணாவது வரிசையில ஒரு பேரிங் போயிட்டிருக்கு. இப்பவே பாத்துரட்டுமா?"